ரைபிள் குழலுக்குள் எட்டிப் பார்க்க: மலிவான போர்ஸ்கோப் வாங்கும் முன்

ஊரில் போர்வெல் தண்ணீர் திடீரென்று குறைந்துவிட்டால் கேமரா வைத்திருப்பவரைக் கூப்பிடுவார்கள். அவர் வயரில் கட்டிய கேமராவை உள்ளே இறக்கி, எத்தனையாவது அடியில் ஊற்று, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று மேலே ஒரு திரையில் காட்டுவார். ரைபிள் வைத்திருப்பவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். ஆறரை அங்குலத் துளைக்குப் பதில் கால் அங்குலத் துளை, அவ்வளவுதான். பெயரிலும் அதே 'போர்' இருக்கிறது. போர் என்றால் துளை, துளைக்குள் பார்க்கும் கருவி போர்ஸ்கோப்.

இந்தக் கருவி அதிகம் புழங்குவது அமெரிக்காவில், குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களிடமும் வேட்டைக்காரர்களிடமும். முன்பெல்லாம் இது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் பட்டறையில் மட்டும் இருக்கும். நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் தயாராகும் ஹாக்ஐ போன்ற கருவிகளில் மெல்லிய எஃகுக் குழாய்க்குள் கண்ணாடி வில்லைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். படம் பிரமாதமாக இருக்கும், விலையும் பல நூறு டாலர் இருக்கும். அப்புறம் செல்போனால் கேமராச் சில்லுகள் கடுகளவுக்குச் சுருங்கின. வில்லை வரிசைக்குப் பதில் கம்பியின் நுனியிலேயே ஒரு குட்டிக் கேமராவை வைத்துவிடலாம் என்றானது. லைமன் நிறுவனத்தின் போர்கேம் அந்த வழியில் வந்தது. அதற்குப் பின் டெஸ்லாங் போன்ற சீனத் தயாரிப்புகள் விலையைச் சுமார் 50 டாலருக்கு இறக்கிவிட்டன. இன்று மலிவான போர்ஸ்கோப் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் சொல்கிறார்கள்.

விலை இறங்கியதும் ஒரு குழப்பமும் கூடவே வந்தது. இணையக் கடையில் தேடினால் 20 டாலருக்கும் குறைவாக 'எண்டோஸ்கோப் கேமரா' ஐம்பது வகை வரும். பாம்பு மாதிரி நெளியும் வயர், நுனியில் கேமரா, சுற்றிலும் நாலைந்து எல்.இ.டி. விளக்குகள். இதுவே போதுமே என்று நானும் முதலில் அதில் ஒன்றைத்தான் வாங்கினேன். ரைபிள் குழலுக்குள் விட்டால் திரையில் மார்கழி மாதத்துப் பனிமூட்டம். நடுவில் தூரத்தில் ஒரு வெளிச்ச வட்டம், சுற்றிலும் மங்கலான சாம்பல் நிறம். கேமராவில் பழுது எதுவும் இல்லை. அதை வேறு வேலைக்குச் செய்திருக்கிறார்கள், நான் இதற்கு வாங்கிவிட்டேன்.

ஏன் அப்படி ஆனது என்று புரிய, குழலின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரைபிள் குழல் வழவழப்பான பைப் இல்லை. உள்ளே திருகு மரை போல நீண்ட வரிகள் சுழன்று ஓடும். இந்த வரிகளால்தான் குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே வெளியேறி நேராகப் பறக்கிறது. வரிகளில் வெட்டப்பட்ட பகுதியைப் பள்ளம் என்றும், வெட்டாமல் விட்ட பகுதியை மேடு என்றும் வைத்துக்கொள்வோம். .308, .22 என்பவை குழலின் அளவை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்கள். .308 ரைபிளில் எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான அகலம் 7.62 மில்லிமீட்டர், பள்ளங்களுக்கு இடையில் 7.82 மில்லிமீட்டர். அதாவது ஒரு பள்ளத்தின் ஆழம் 0.1 மில்லிமீட்டர், ஒரு வெள்ளைத் தாளின் தடிமன். நாம் பார்க்க வேண்டிய சமாச்சாரமெல்லாம் இந்தத் தாள் தடிமனுக்குள்தான் நடக்கிறது.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் சேம்பர். சேம்பர் முடிந்து வரிகள் தொடங்கும் சின்னப் பகுதிக்குத் தொண்டை என்று பெயர். முன்முனையில் குண்டு வெளியேறும் விளிம்பைக் கிரீடம் என்கிறார்கள். நீளமான குழலில் மிகவும் அடிபடும் இடம் தொண்டை. .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவைச் சுடும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை எகிறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35 பவுண்டுதான். அந்த அழுத்தத்தோடு எரியும் வாயு முதலில் அறைவது தொண்டையைத்தான்.

இப்போது பனிமூட்டத்துக்கு வருவோம். சுவரிடுக்கு, குழாய், கார் இன்ஜின் பார்க்கச் செய்த கேமராவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். குழலுக்குள்ளோ, 5 மில்லிமீட்டர் கம்பியை விட்டால் எதிர்ச்சுவர் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, ஒரு அரிசி நீளம்கூட இல்லை. புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் படிக்கிற கதைதான். போதாக்குறைக்கு, அந்தக் கேமரா நேராக முன்னால் பார்க்கிறது. நமக்கு வேண்டியது பக்கச் சுவர். சுரங்கப்பாதையில் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போனால் சுவரில் உள்ள விரிசல் எப்படித் தெரியும்?

ஆகவே ரைபிளுக்கு என்றே செய்த கருவியில் இரண்டு விஷயம் வேறாக இருக்கும். கேமராவின் பார்வைத் தூரம் சில மில்லிமீட்டருக்கு அமைக்கப்பட்டிருக்கும். நுனியில் 45 பாகை சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும், அது பக்கச் சுவரைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டும். விளம்பரத்தில் எத்தனை மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி, இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 1280-க்கு 720 புள்ளிகள் கொண்ட படமே இந்த வேலைக்குத் தாராளம். விரல்நகத்தில் பாதிகூட இல்லாத சில்லிலிருந்து 5 மெகாபிக்சல் என்று சொன்னால், சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது தடிமன். மலிவான ரைபிள் போர்ஸ்கோப்களின் கம்பி பொதுவாகச் சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். .22 குழல் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் என்பதால் அதற்குள் நுழைந்துவிடும், ஆனால் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. 6.5 மில்லிமீட்டர், .308 எல்லாம் சௌகரியம். .17 ரைபிளுக்குள் போகாது. நம் ஊர் ரைபிள் கிளப்களில் 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுத்தும் ஏர் ரைபிளின் அளவு 4.5 மில்லிமீட்டர், அதிலும் போகாது. ஏர் ரைபிள் மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை நம்பி 5 மில்லிமீட்டர் கருவியை வாங்கிவிட வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னில், 12 கேஜ் அளவின் குழல் 18 மில்லிமீட்டருக்கும் மேலே. அதற்குள் சுவர் தள்ளிப் போய்விடுவதால் படம் மங்கும், வெளிச்சமும் போதாது. வெவ்வேறு தூரத்துக்கு வெவ்வேறு கண்ணாடி நுனிகளை மாற்றிப் போட வசதி தருகிற கருவி என்றால் சமாளிக்கலாம். வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் உள்ள மிகச் சின்னத் துளை எது, மிகப் பெரியது எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கம்பியா வயரா என்ற கேள்வி. என் ஓட்டு விறைப்பான கம்பிக்குத்தான். கம்பியை இந்தப் பக்கம் கால்வட்டம் திருப்பினால் அந்தப் பக்கம் கண்ணாடியும் சரியாகக் கால்வட்டம் திரும்பும். ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, அது சுழல்வதற்கு ஏற்ப கம்பியை மெல்லத் திருப்பியபடியே உள்ளே தள்ளலாம். நிறைய .308 குழல்களில் 10 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று வரும், கை அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். வயரில் இது நடக்காது. இங்கே முறுக்கினால் அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று துள்ளித் திரும்பும். ஆனாலும் வயரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ரூகர் 10/22 போன்ற அரைத்தானியங்கி ரைபிள்களில் பின்பக்கமாக நேராகக் கம்பியை விட வழி இல்லை. அவற்றைக் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் வழியாகப் பார்க்கலாம், அல்லது வளைகிற வயர் வேண்டும். போல்ட் ரைபிளில் போல்ட்டை, அதாவது தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி அடைக்கும் உருளையை, உருவிவிட்டால் பின்வழி திறந்துவிடும். ஏ.ஆர்.-15 போன்ற அரைத்தானியங்கி ரைபிள்களில் மேல்பாதியைக் கழற்றி, அதிலுள்ள போல்ட்டை எடுத்துவிட்டால் போதும்.

கம்பியின் நீளத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. பின்பக்கமாக விடும்போது குழலை எட்டும் முன்பே ரைபிளின் உடல்பகுதி ஒரு சாண் நீளத்தைத் தின்றுவிடும். அதனால் 24 அங்குலக் குழலை ஒரே தள்ளலில் பார்க்க முடியாமல் போகலாம். மீதியை வாய்ப்பக்கமிருந்து பார்த்துக்கொள்ளலாம். அப்போது மட்டும் கம்பி கிரீடத்தில் உரசாமல் விரலை அணைகொடுத்துப் பிடியுங்கள்.

படம் எங்கே தெரிய வேண்டும் என்பதில் மூன்று வழி. லேப்டாப்பில் யு.எஸ்.பி. மூலம் செருகுவது மிக மலிவு, வெப்கேமரா போலவே வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனிலும் பெரும்பாலும் ஓடும், ஐபோன் முரண்டு பிடிக்கும். வைஃபை பெட்டி வைத்த கருவிகளில் படம் அரை நொடி பின்தங்கி வரும், கம்பியைத் திருப்பும்போது அது எரிச்சலூட்டும். தனித் திரையோடு வருபவை இரண்டு மடங்கு விலை, ஆனால் துப்பாக்கிக் கடையில் பழைய ரைபிளை நின்றபடி சோதிக்க அதுதான் தோது. வீட்டு மேசையில் மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் செலவு வீண். எதுவாக இருந்தாலும் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கட்டாயம் வேண்டும். பளபளக்கும் எஃகில் முழு வெளிச்சம் பட்டால் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கீறலும் குழியும் நிழலோடு எழுந்து நிற்கும்.

வாங்கியாயிற்று. உள்ளே விடுவதற்கு முன் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை உருவி மேசையில் வையுங்கள். குழலைத் துடைத்துக் காயவிடுங்கள். துடைக்கும் மருந்து ஈரமாக இருந்தால் கண்ணாடியில் படலமாகப் படியும், சில மருந்துகள் வில்லையைச் சுற்றியுள்ள பசையையே கரைக்கும். கண்ணாடி நுனி திருகு மரையில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு முறையும் அது இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பியை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் அது கழன்று குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுப்பதற்குள் மனிதனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

சரி, உள்ளே என்ன தெரியும்?

தொண்டையில் முதலில் கண்ணில் படுவது கரி. எரிமருந்தின் கசடு சேம்பர் முடிகிற இடத்தில் கறுப்பு வளையமாகப் பிடித்திருக்கும். அடிபிடித்த பால் பாத்திரம் போலத்தான், ஒருமுறை துடைத்தால் போகாது, ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். இந்த வளையம் தடித்துப்போனால் தோட்டாவின் கழுத்து அதில் இறுகி அழுத்தம் ஏறும். ஆகவே போர்ஸ்கோப்பின் மிகப் பயனுள்ள வேலைகளில் இதைக் கண்டுபிடிப்பதும் ஒன்று. வெறுங்கண்ணால் பார்த்தால் அந்த இடம் வெறும் நிழலாகத்தான் தெரியும்.

இன்னும் முன்னால் போனால் மேடுகளின்மேல் செம்பு நிறக் கோடுகள் தெரியும். குண்டின் மேலுறை பெரும்பாலும் தாமிரமும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த உலோகம், அது உரசிப் படிகிறது. வீட்டுச் செம்புப் பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம், இங்கே அமோனியா கலந்த மருந்துதான். அந்த மருந்தில் நனைத்த துணி நீலமாக வெளியே வந்தால் தாமிரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் துணியைத் தள்ளும் நுனி பித்தளையாக இருந்தால் அதிலுள்ள தாமிரமும் நீலம் கக்கும். காலாகாலமாக இந்தப் பொய் நீலத்தை நம்பிக் குழலைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. போர்ஸ்கோப் வந்தபின் அந்தச் சந்தேகம் தீர்ந்தது, செம்பு நிறம் இருக்கிறதா இல்லையா என்று நேராகவே பார்த்துவிடலாம்.

நிறையச் சுட்ட ரைபிளில் தொண்டை வேறு மாதிரி இருக்கும். கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் எப்படிக் கட்டம் கட்டமாக வெடித்துக் கிடக்குமோ, அச்சு அசல் அப்படியே எஃகு வெடித்துக் கிடக்கும். முதன்முறை பார்ப்பவர் குழல் உடைந்தே விட்டது என்று பதறுவார். இது சூட்டினால் மேற்பரப்பில் வரும் வெடிப்பு. சில நூறு தோட்டாக்களிலேயே லேசாகத் தொடங்கிவிடும், ஆயிரக்கணக்கில் சுட்டபின்னும் நன்றாகக் குறிதவறாமல் போகும் குழல்களிலும் இருக்கும். வெடிப்பு இருக்கிறதா என்பதைவிட, அது எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது, மேடுகள் தொடங்கும் விளிம்பு எந்த அளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் பயன் உண்டு. அதற்குக் கம்பியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். ரைபிள் புதிதாக வந்த அன்றே எடுத்த படம் ஒன்று இருந்தால், பின்னால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒப்பிட ஆள் கிடைத்துவிடும்.

குறுக்காக, மேடுகளுக்கு மேலே மெல்லிய வளையக் கோடுகள் தெரிந்தால் அவை துளைபோட்டபோது கருவி விட்ட தடங்கள். தொழிற்சாலைக் குழல்கள் பலவற்றில் இவை இருக்கும். கையால் மெருகேற்றிய விலையுயர்ந்த குழல்களில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். இங்கேதான் புதிதாக வாங்கியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். திரையில் ஒரு அங்குலத்துக்குள் அடங்க வேண்டிய விஷயம் ஒரு அடிக்கு ஊதித் தெரிகிறது, தலைமுடி அளவுக் கீறல் கூவம் ஆறு போல விரிகிறது. உடனே தேய்க்கும் பசையை வாங்கி, பளபளவென்று வரும்வரை தேய்த்துத் தள்ளி, நன்றாக இருந்த குழலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நூறு கஜத்தில் குறிப்பலகையில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகிறதா? அப்படியானால் திரையில் தெரிவது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அந்தக் குழலை விட்டுவிடுங்கள். குறிப்பலகையில் குண்டுத் துளைகள் பரவத் தொடங்கினால்தான் காரணம் தேட வேண்டும், அப்போது போர்ஸ்கோப்பை எடுங்கள். என்னைக் கேட்டால், கரி வளையத்தைத் தவிர மற்றதற்காக அடிக்கடி உள்ளே பார்ப்பதே ஒரு வியாதி.

பழைய ரைபிள் வாங்கும்போது மட்டும் இந்தப் பேச்சு மாறும். அங்கே போர்ஸ்கோப் ஒரே நாளில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்கால ரைபிள்கள், ரஷ்யாவின் மோசின்-நாகாந்த் போல, அமெரிக்கச் சந்தையில் ஏராளமாக விற்றன. அவற்றுக்கான பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்தபின் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் எஃகைத் துருவாக்கும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாத குழலில் கறுப்புக் குழிகள் அம்மைத் தழும்பு போல இருக்கும். வெளியே வார்னிஷ் மின்னும், உள்ளே இப்படி. கண்ணை வைத்துப் பார்த்தால் எண்ணெய்ப் பளபளப்பு இதை மறைத்துவிடும். கிரீடத்தின் விளிம்பில் நெளிவு, வெட்டு உண்டா என்றும் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அதுதான், அங்கே ஒரு சின்ன வெட்டு இருந்தால்கூட ஒரு பக்கம் வாயு முன்னதாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும்.

கறுப்புப் புள்ளி எதைப் பார்த்தாலும் துரு என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை. கம்பியை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சுவரோடு சேர்ந்து நகர்ந்தால் அது குழலில் இருக்கிறது. சுவர் நகர்ந்தும் புள்ளி திரையில் அதே இடத்தில் நின்றால் அது கண்ணாடியில் ஒட்டிய தூசு. பஞ்சில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பேரம் பேசும் இடத்தில் இதைச் செய்யாமல் வாய் திறந்தால் மானம் போகும்.

கருவி தபாலில் வந்ததும் நேரே ரைபிளுக்குள் விட வேண்டாம். ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து, எழுத்து உட்பக்கம் இருக்கும்படி பென்சிலைச் சுற்றி உருட்டி, நூல் கட்டிப் பென்சிலை உருவிவிடுங்கள். பென்சிலின் பருமன் சுமார் 7 மில்லிமீட்டர், .308 குழலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் காகிதக் குழலுக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள். கண்ணாடி வழியாக வருவதால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும், அது சரிதான். ஆனால் மையின் ஓரம் கூர்மையாக, காகிதத்தின் நார்கூடத் தெரியும்படி இருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் கண்ணாடி நுனியை அரைச்சுற்று உள்ளேயோ வெளியேயோ திருகிப் பாருங்கள், சில கருவிகளில் தெளிவைச் சரிசெய்யும் வழியே அதுதான். அப்படியும் எழுத்து தெளியவில்லை என்றால், பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.